கொடியேத்தம் முடிஞ்ச பிறகு யாருக்கு நாற்காலி?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரிதாக மாற்றாமல், படிக்க வசதியாகச் சுருக்கித் தொகுத்திருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரே ஒரு நாளைப் பத்திப் பேசப்போறோம். ஆகஸ்ட் 15.

சுதந்திரப் போராட்ட வரலாறு சொல்லப்போறேன்னு நினைச்சு ஸ்கிப் பண்ணிடாதீங்க. அந்த நாள் காலையில 8 மணியில இருந்து மதியம் 1 மணி வரைக்கும் ஒரு ஊர்ல என்னென்ன நடக்குது, அதுல யார் உள்ள இருக்காங்க, யார் வாசல்ல நிக்கிறாங்க, இதுதான் இன்னைக்கு விஷயம். இதுல சட்டம் கொஞ்சம் வரும், கணக்கு கொஞ்சம் வரும். பிலிப்பைன்ஸ் கூட வரும். கடைசியில, நீங்க என்ன பண்ணலாம்னும் சொல்றேன்.

நான் பிறந்து வளர்ந்தது காக்களூர். சென்ட்ரல்ல இருந்து திருவள்ளூர் லோக்கல் ஏறினா, செவ்வாப்பேட்டை, புட்லூர் தாண்டி திருவள்ளூர்ல இறங்கணும். டவுனை ஒட்டியே எங்க ஊர். ஒரு பக்கம் ஏரி. இன்னொரு பக்கம் சிட்கோ தொழிற்பேட்டை. ஆவின் பால் பண்ணையும் எங்க ஊர்லதான். நாங்க சின்ன வயசுல 'எஸ்டேட்'னு சொன்னா ஊட்டி தேயிலை ஞாபகத்துக்கு வராது. லேத் சத்தமும் பெயின்ட் வாசனையும்தான் வரும். எங்கப்பா அங்க ஒரு சின்ன கம்பெனியில லேத் ஆபரேட்டர்.

அப்படிப்பட்ட ஊர்ல ஆகஸ்ட் 15-க்கு மூணு வாசல் உண்டு. பள்ளிக்கூட வாசல், கம்பெனி வாசல், ஊராட்சி வாசல். ஒவ்வொண்ணா போவோம்.

முதல் வாசல்: பள்ளிக்கூடம்

அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு இது தெரியும். 14-ஆம் தேதி சாயந்திரமே வேலை ஆரம்பிச்சிடும். மைதானத்துல சுண்ணாம்புல கோடு போடணும். கலர் பேப்பரை முக்கோணமா வெட்டி, சணல் கயித்துல ஒட்டித் தோரணம் கட்டணும். பி.டி. சார் கொடியை மடிக்கிற வித்தையை ரெண்டு பேருக்கு மட்டும் சொல்லிக்கொடுப்பார். உள்ள ரோஜா இதழ் வெச்சு மடிச்சு, மேல கட்டிட்டு, கயித்தை இழுத்தா ஒரே இழுப்புல பூ கொட்டணும். முடிச்சு சிக்கிக்கிட்டா அந்த வருஷம் முழுக்க அந்தப் பையனைக் கிண்டல் பண்ணுவாங்க.

இங்க ஒரு சின்ன தகவல். முறைப்படி பார்த்தா ஆகஸ்ட் 15-க்கும் ஜனவரி 26-க்கும் கொடி விஷயத்துல வித்தியாசம் உண்டு. சுதந்திர தினத்துல கொடியைக் கீழ இருந்து மேல ஏத்துவாங்க. புதுசா ஒரு நாடு எழும்புதுங்கிற அர்த்தம். குடியரசு தினத்துல கொடி ஏற்கெனவே உச்சியில கட்டியிருக்கும். அதைப் பிரிச்சுப் பறக்க விடுவாங்க. எங்க பள்ளியில ரெண்டு நாளுக்கும் பூ கொட்டுறதுதான் முக்கியம்.

இன்னொரு தகவலும் சொல்லிடறேன். யார் கொடியேத்துறாங்கங்கிறது எப்பவுமே சின்ன விஷயமா இருந்ததில்ல. ஒரு காலத்துல மாநிலங்கள்ல சுதந்திர தினத்துக்கும் ஆளுநர்தான் கொடியேத்துவார். தேர்ந்தெடுக்கப்பட்ட முதலமைச்சர் ஏத்தணும்னு கருணாநிதி மத்திய அரசுகிட்ட கேட்டார். 1974-ல இருந்து ஆகஸ்ட் 15-க்கு முதலமைச்சர், ஜனவரி 26-க்கு ஆளுநர்னு ஆச்சு. ஒரு கயித்தை யார் இழுக்கிறதுங்கிறதுல யாருக்கு அதிகாரம்ங்கிற கேள்வி இருக்கு. இதை மனசுல வெச்சுக்கங்க, கொஞ்ச நேரத்துல நம்ம மாவட்டத்துக்கே வரும்.

அப்புறம் தமிழ்த்தாய் வாழ்த்து, 55 விநாடி. தேசிய கீதம், 52 விநாடி. தலைமையாசிரியர் பேச்சு, அதுக்கு விநாடிக் கணக்கு கிடையாது. ஒரு அஞ்சாங்கிளாஸ் பாப்பா பாரதியார் வேஷம் போட்டு மீசை கீழ விழ விழப் பேசும். கடைசியில வரிசையில நின்னு மிட்டாய். பத்து மணிக்கெல்லாம் கேட்டைப் பூட்டிடுவாங்க.

நிறைய பேருக்கு ஆகஸ்ட் 15 அதோட முடிஞ்சிடும். உண்மையில அந்த நாளோட முக்கியமான பகுதி பதினொரு மணிக்குத்தான் ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி கம்பெனிப் பக்கம் ஒரு எட்டுப் போயிட்டு வருவோம்.

ரெண்டாவது வாசல்: கம்பெனி

தமிழ்நாட்டுல 1958-ல வந்த ஒரு சட்டம் இருக்கு. தொழில் நிறுவனங்கள் தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள் சட்டம். அதன்படி வருஷத்துக்கு 9 நாள் சம்பளத்தோட லீவு கொடுக்கணும். அதுல 5 நாள் பண்டிகை. மீதி 4 நாள் எல்லாருக்கும் பொது: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2.

அன்னைக்கு வேலைக்குக் கூப்பிடக் கூடாதான்னு கேட்டா, கூப்பிடலாம். ஆனா ரெண்டு மடங்கு சம்பளம் கொடுக்கணும். இல்லைன்னா அன்னைக்குச் சம்பளமும் கொடுத்து, வேற ஒரு நாள் சம்பளத்தோட லீவும் கொடுக்கணும். இது பெரிய கம்பெனிக்கு மட்டும் இல்ல. கடை, ஹோட்டலுக்கும் உண்டு. ஒவ்வொரு வருஷமும் இந்த நாள்கள்ல தொழிலாளர் துறை ஆளுங்க ரெய்டு மாதிரி போய்ப் பார்க்கிறதும், எத்தனை இடத்துல விதிமீறல்னு செய்தி வர்றதும் வழக்கம்.

எங்கப்பா கம்பெனியில காலையில கேட் முன்னாடி கொடியேத்துவாங்க, லட்டு கொடுப்பாங்க. சில வருஷம் லட்டு சாப்பிட்ட கையோட, 'அர்ஜென்ட் ஆர்டர் இருக்குப்பா'ன்னு ஷட்டர் திறக்கும். பர்மனென்ட் ஆளுங்களுக்கு டபுள் சம்பளம் வந்துடும். கான்ட்ராக்ட்ல வந்தவங்களுக்கு வராது. அவங்கள்ல பாதிப் பேர் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம். கேட்கவும் மாட்டாங்க. கேட்டா அடுத்த நாள் வேலை இருக்குமான்னு பயம்.

மே 1 எப்படி இந்த வரிசையில வந்துச்சுன்னு யோசிச்சிருக்கீங்களா? இந்தியாவுலயே முதல் மே தினக் கூட்டம் நடந்தது நம்ம மெட்ராஸ் கடற்கரையிலதான். 1923-ல சிங்காரவேலர் நடத்தினார். அன்னைக்குக் கேட்ட கோரிக்கைகள்ல ஒண்ணு, மே தினத்தை லீவு நாளா அறிவிக்கணும்ங்கிறது. அதனால இந்த லீவு யாரோ பெரிய மனசு பண்ணிக் கொடுத்தது இல்ல. கேட்டு வாங்கினது.

மூணாவது வாசல்: கிராம சபை

இப்ப அந்த நாலு தேதியை மறுபடியும் சொல்றேன். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. தமிழ்நாட்டுல கிராம சபைக் கூட்டம் நடக்கிற நாள்களும் இதே நாலுதான். 2022-ல மார்ச் 22, உலக தண்ணீர் தினமும், நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினமும் சேர்ந்து இப்ப வருஷத்துக்கு 6 கூட்டம்.

யோசிச்சுப் பாருங்க, எவ்வளவு அழகான பொருத்தம்! வேலைக்குப் போறவங்களுக்கு லீவு இருக்கிற நாள்ல ஊர்க் கூட்டம். பள்ளிக்கூடத்துல கொடி, கம்பெனியில லீவு, பதினொரு மணிக்கு ஊர் உட்கார்ந்து பேசணும். மூணும் சேர்ந்தாத்தான் அந்த நாள் முழுசாகும்.

கிராம சபைன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டே நிமிஷத்துல சொல்றேன். 1993 ஏப்ரல் 24-ல நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73-வது திருத்தம் இதுக்கு இடம் கொடுத்துச்சு. அடுத்த வருஷம் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 வந்துச்சு. நம்ம சட்டமன்றத்துல நமக்குப் பதிலா ஒரு எம்.எல்.ஏ. உட்கார்றார். கிராம சபையில நமக்குப் பதிலா யாரும் இல்ல. நாமளேதான் உறுப்பினர். ஊராட்சியோட வரவு செலவை வாசிக்கணும். என்ன வேலை எடுக்கலாம்னு முடிவு பண்ணணும். ரோடு, தண்ணி, குப்பை, தெருவிளக்கு, பள்ளிக்கூடச் சுவர்னு எதையும் கேட்கலாம், தீர்மானம் போடலாம். தீர்மானப் புத்தகத்துல எழுதி, வந்தவங்க கையெழுத்துப் போடணும்.

குறைஞ்சது எத்தனை பேர் வரணும்னும் கணக்கு இருக்கு. 500 பேர் வரை இருக்கிற ஊராட்சிக்கு 50 பேர். 3,000 வரை 100. 10,000 வரை 200. அதுக்கு மேல போனா 300 பேர். எங்க ஊர் மாதிரி தொழிற்பேட்டை ஊர்கள்ல ஜனம் அதிகம், ஆனா கூட்டத்துக்கு ஆள் சேர்க்கிறது ரொம்பக் கஷ்டம். ஏன்னா பாதிப் பேர் ஷிப்ட்ல இருப்பாங்க. மீதிப் பேருக்கு இது தங்களோட கூட்டம்னே தெரியாது. நூறு நாள் வேலைக்குப் போற அம்மாக்கள்தான் நேரத்துக்கு வந்து முன்வரிசையில உட்காருவாங்க. அவங்க இல்லைன்னா பல ஊர்ல கோரம் தேறாது.

ஆத்துப்பாக்கம், 2020

முன்னாடி கயித்தை யார் இழுக்கிறதுன்னு சொன்னேன்ல? இப்ப அதுக்கு வர்றேன். இது எங்க மாவட்டத்துலயே நடந்தது.

கும்மிடிப்பூண்டி பக்கத்துல ஆத்துப்பாக்கம் ஊராட்சி. எங்க ஊர் அரக்கோணம் ரயில் லைன்ல இருக்குன்னா, இது கூடூர் லைன் பக்கம். அங்கேயும் சிப்காட், அங்கேயும் கம்பெனிகள். 2019 டிசம்பர்ல நடந்த உள்ளாட்சித் தேர்தல்ல அமிர்தம்ங்கிற பட்டியல் சாதிப் பெண் ஊராட்சி மன்றத் தலைவரா ஜெயிச்சாங்க. 2020 ஆகஸ்ட் 15-க்குப் பள்ளிக்கூடத்துல கொடியேத்த அவங்களைக் கூப்பிட்டிருந்தாங்க. கடைசி நேரத்துல வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. சாதிதான் காரணம்னு புகார் ஆச்சு, செய்தி ஆச்சு. அஞ்சு நாள் கழிச்சு, ஆகஸ்ட் 20-ஆம் தேதி, மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேர்ல வந்து நிக்க, அமிர்தம் கொடியேத்தினாங்க.

அதே வருஷம் அக்டோபர்ல கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில இருந்து ஒரு போட்டோ வந்துச்சு. ஊராட்சி மன்றக் கூட்டத்துல மத்தவங்க நாற்காலியில இருக்காங்க. தலைவரான பட்டியல் சாதிப் பெண் தரையில உட்கார்ந்திருக்காங்க. 2022 ஆகஸ்ட்ல, சுதந்திர தினத்துக்கு முன்னாடி, பட்டியல் சாதித் தலைவர்கள் கொடியேத்தறதுக்கு எந்தத் தடையும் இருக்கக் கூடாதுன்னு தலைமைச் செயலாளரே எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுத வேண்டி வந்துச்சு. சுதந்திரம் கிடைச்சு 75 வருஷம் ஆனபோது இப்படி ஒரு கடிதம்.

இதை ஏன் சொல்றேன்னா, தேர்தல்ல ஜெயிச்சு, சட்டப்படி முதல் நாற்காலிக்கு உரிமை இருக்கிறவங்களுக்கே இந்த நிலைமை. அப்போ சட்டத்துலயே நாற்காலி இல்லாதவங்க நிலைமை என்ன? அப்படி ரெண்டு கூட்டம் எங்க ஊர்ல இருக்கு.

நாற்காலியே இல்லாத ரெண்டு பேர்

கிராம சபை உறுப்பினர் ஆக என்ன தகுதி? அந்த ஊர் வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கணும். அவ்வளவுதான். கேட்க எளிமையா இருக்கு. ஆனா இதுல ரெண்டு பேர் வெளிய நிக்கிறாங்க.

முதல் ஆள், பதினொண்ணு பன்னெண்டு படிக்கிற பிள்ளைங்க. காலையில கொடிக்கு சல்யூட் அடிச்சது அவங்கதான். பள்ளிக்கூட டாய்லெட்ல தண்ணி வரலைன்னு முதல்ல தெரியுறது அவங்களுக்குத்தான். லாரி போற ரோட்டுல சைக்கிள் மிதிக்கிறதும் அவங்கதான். ஆனா 16 வயசுக்குக் கிராம சபையில ஓட்டு கிடையாது. போய் ஓரமா நிக்கலாம். தலைவர் நல்லவரா இருந்தா, 'என்னம்மா, சொல்லு'ன்னு கேட்பார். அது அவரோட தயவு, உங்க உரிமை இல்ல.

ரெண்டாவது ஆள், வெளி மாநிலத் தொழிலாளி. அஞ்சு வருஷமா எஸ்டேட் பின்னாடி லைன் வீட்டுல குடும்பத்தோட இருப்பார். பொண்ணு எங்க ஊர்ப் பள்ளியில தமிழ் மீடியம் படிக்கும். என் தெருவுல ஒரு பீகார் குடும்பத்துப் பாப்பா இருந்துச்சு. வீட்டுல போஜ்புரி, பள்ளியில தமிழ். அவங்கம்மாவுக்காக மளிகைக் கடையில அதுதான் தமிழ் பேசி சாமான் வாங்கும். ஆகஸ்ட் 15-க்குத் தமிழ்த்தாய் வாழ்த்தை எங்களைவிடச் சுத்தமா பாடும். அதோட அப்பா பேர் வாக்காளர் பட்டியல்ல சொந்த ஊர்ல இருக்கு. அதனால இங்க கிராம சபையில அவர் இல்ல.

இதுல பலருக்குத் தெரியாத ஒண்ணு, தொழில் வரி. ஆறு மாசச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினா, கம்பெனி பிடிச்சு உள்ளாட்சிக்குக் கட்டணும். அரசியலமைப்புப்படி ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு அதிகபட்சம் 2,500 ரூபாய். கம்பெனி ஊராட்சி எல்லைக்குள்ள இருந்தா அந்தப் பணம் ஊராட்சிக்குத்தான் வருது. அதாவது பீகார்ல இருந்து வந்தவர் சம்பளத்துல பிடிச்ச காசுல எங்க தெருவிளக்கு எரியலாம். எந்தத் தெருவுக்கு விளக்கு போடணும்னு சொல்ற கூட்டத்துல மட்டும் அவருக்கு இடம் கிடையாது.

இன்னும் ஒரு கூட்டம் இருக்கு. திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகள். ஒடிசாவுல இருந்து குடும்பம் குடும்பமா வருவாங்க. மழை முடிஞ்சு வந்து, அடுத்த மழைக்கு முன்னாடி, ஜூன் வாக்குல கிளம்பிடுவாங்க. அந்தப் பிள்ளைகளுக்காக ஒடிசாவுல இருந்தே ஒடியா பாடப்புத்தகம் வரவழைச்சு, சூளைப் பக்கத்துலயே வகுப்பு நடத்தின முயற்சி இதே மாவட்டத்துல நடந்திருக்கு. நல்ல விஷயம். ஆனா காலண்டரைப் பாருங்க. ஆகஸ்ட் 15-க்கு அந்தப் பிள்ளைங்க இங்க இருக்க மாட்டாங்க. ஜனவரி 26-க்கு இருப்பாங்க. அன்னைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் அவங்களையும் கூப்பிட்டு வரிசையில நிக்க வெச்சா, அதுக்குத் தனியா செலவு எதுவும் இல்ல.

பிலிப்பைன்ஸ் எப்படிப் பண்றாங்க?

என் சித்தி பொண்ணு பிலிப்பைன்ஸ்ல டாக்டருக்குப் படிக்குது. நம்ம பசங்க நிறைய பேர் அங்க போய்ப் படிக்கிறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு நாள் போன்ல சொல்லுச்சு: 'அண்ணா, இங்க திங்கட்கிழமை ஆனா கொடியேத்துறாங்கண்ணா. எல்லாரும் கையை நெஞ்சுல வெச்சு நிக்கிறாங்க.'

நம்ம ஊர்லயும் திங்கட்கிழமை கொடியேத்துற பள்ளிகள் உண்டு. அங்க அது சட்டம். 1998-ல வந்த கொடிச் சட்டப்படி எல்லா அரசு அலுவலகமும் கல்வி நிறுவனமும் திங்கட்கிழமை காலையில கொடியேத்தணும், வெள்ளிக்கிழமை சாயந்திரம் இறக்கணும். ஆகஸ்ட் மாசம் முழுக்க அவங்களுக்குத் தேசிய மொழி மாதம். பள்ளிக்கூடத்துல பாட்டு, நாடகம், பேச்சுப் போட்டின்னு அமர்க்களப்படும். சுதந்திர தினம் ஜூன் 12. 1898-ல ஸ்பெயின்கிட்ட இருந்து விடுதலைன்னு அவங்களே அறிவிச்ச நாள். நடுவுல அமெரிக்கா வந்து, 1946 ஜூலை 4-ல விட்டுட்டுப் போச்சு. கொஞ்ச காலம் ஜூலை 4-ஐத்தான் கொண்டாடினாங்க. 1962-ல, 'அடுத்தவன் கொடுத்த தேதி வேண்டாம், நாங்க அறிவிச்ச தேதி போதும்'ங்கிற மாதிரி ஜூன் 12-க்கே திரும்பிட்டாங்க. நம்ம ஜனவரி 26 கதையும் கிட்டத்தட்ட இதுதான். 1930-ல காங்கிரஸ் முழு விடுதலை நாளா கொண்டாடினது ஜனவரி 26-ஐத்தான். ஆகஸ்ட் 15 பிரிட்டிஷ்காரன் குறிச்ச தேதி. அதனாலதான் குடியரசு நாளுக்குப் பழைய தேதியை எடுத்துக்கிட்டாங்க.

ஆனா நான் பிலிப்பைன்ஸை இழுத்தது கொடிக்காக இல்ல. அங்க ஊராட்சி மாதிரி கடைசி அலகுக்குப் பேர் பராங்காய். நாடு முழுக்க சுமார் 42,000 பராங்காய் இருக்கு. வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது பராங்காய் சபை கூடணும். அதுல உறுப்பினர் ஆக என்ன தகுதின்னு 1991-ல வந்த உள்ளாட்சிச் சட்டம் சொல்லுது: அந்த நாட்டுக் குடிமகனா இருக்கணும், 15 வயசு ஆகியிருக்கணும், அந்த இடத்துல குறைஞ்சது 6 மாசம் குடியிருக்கணும், சபையோட பட்டியல்ல பேர் பதிஞ்சிருக்கணும்.

15 வயசு. 6 மாசம். இந்த ரெண்டு நம்பரைக் காக்களூருக்குக் கொண்டு வந்து வெச்சுப் பாருங்க. நான் சொன்ன ரெண்டு பேரும், அதாவது பதினொண்ணாங்கிளாஸ் பொண்ணும், பீகார் பாப்பாவோட அப்பாவும் உள்ள வந்துடுவாங்க.

அதோட நிக்கல. இளைஞர்களுக்குத் தனியா ஒரு மன்றம் இருக்கு, சங்குனியாங் கபாத்தான். 15-ல இருந்து 30 வயசு வரைக்கும் இருக்கிறவங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறாங்க. தலைவருக்குப் பராங்காய் மன்றத்துலயே ஒரு நாற்காலி. பராங்காய் பொது நிதியில 10 சதவீதம் அந்த மன்றத்துக்கு. எல்லாம் சொர்க்கம்னு சொல்ல வரல. அரசியல் குடும்பங்கள் தங்க பிள்ளைகளை இதுல கொண்டு வந்து டிரெயினிங் கொடுக்குதுன்னு பெரிய விமர்சனம் வந்துச்சு. 2016-ல சட்டத்தைத் திருத்தி, பதவியில இருக்கிறவங்களோட நெருங்கின சொந்தக்காரங்க போட்டியிடக் கூடாதுன்னு கொண்டு வந்தாங்க. தப்பு நடந்தப்போ மன்றத்தைத் திருத்தினாங்க. பிள்ளைகளை வெளியே அனுப்பல.

இந்தியாவுலயும் முன்னுதாரணம் இருக்கு. கர்நாடகாவுல 'மக்கள கிராம சபை' நடக்குது. கன்னடத்துல மக்களுன்னா குழந்தைகள். பிள்ளைங்களே உட்கார்ந்து பள்ளிக்கூடம், ரோடு, விளையாட்டு மைதானம் பத்திக் கேள்வி கேட்பாங்க. ஊராட்சிக்காரங்க பதில் சொல்லணும். பக்கத்து மாநிலத்துல நடக்கிறது நம்ம ஊர்ல நடக்காதா என்ன?

இப்ப நம்மால என்ன முடியும்?

சட்டம் மாறுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இப்பவே திறந்திருக்கிற கதவு சிலது இருக்கு.

முதல் கதவு, பள்ளி மேலாண்மைக் குழு. 2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டத்துல இருக்கு. நாலுல மூணு பங்கு உறுப்பினர்கள் பெற்றோரா இருக்கணும், பாதிப் பேர் பெண்களா இருக்கணும். இங்க தகுதி என்னன்னு கவனிங்க. பிள்ளை அந்தப் பள்ளியில படிக்கணும். வாக்காளர் பட்டியலை யாரும் கேட்கிறதில்ல. அதாவது கிராம சபையில இடம் இல்லாத பீகார் அம்மாவுக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவுல இடம் உண்டு. அந்தக் குழு போடுற தீர்மானத்தை எடுத்துட்டுப் போய்க் கிராம சபையில வைக்கலாம். பள்ளிக்கூடம் வழியா ஊருக்குள்ள வர்ற வாசல் இது. உங்க பள்ளியில குழுவை மறுபடி அமைக்கும்போது, தமிழ் தடுமாறுற ஒரு அம்மாவையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைங்க. மொழிபெயர்க்கத்தான் அந்தம்மாவோட பொண்ணே இருக்கே.

ரெண்டாவது, வாக்காளர் பட்டியல். முன்னெல்லாம் ஜனவரி 1-ஆம் தேதி 18 ஆகியிருந்தாத்தான் உண்டு. இப்ப ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1-னு நாலு தேதி. 17 முடிஞ்சிருந்தாலே படிவம் 6 கொடுத்து வைக்கலாம். தேர்தல் வரும்போது பார்த்துக்கலாம்னு விட்டுடாதீங்க. எலெக்‌ஷன் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை, கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை. வீடு மாறினவங்களுக்குப் படிவம் 8. வெளி மாநிலத்துல இருந்து வந்து இங்கேயே நிரந்தரமா தங்கிட்டவங்களும் இதையே பயன்படுத்தலாம். சொந்த ஊர்ல பேர் போயிடும்ங்கிறதால நிறைய பேர் தயங்குறாங்க. அது அவங்க முடிவு. ஆனா இப்படி ஒரு வழி இருக்குன்னாவது அவங்களுக்குத் தெரியணும்.

மூணாவது, நகரத்துல இருக்கிறவங்களுக்கு. கேட்டுட்டு இருக்கிற பாதிப் பேர் சென்னையில இருப்பீங்க, உங்களுக்குக் கிராம சபை கிடையாது. அதுக்குப் பதிலா ஏரியா சபை. வருஷத்துக்கு நாலு தடவை: ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. தேதியைப் பார்த்தீங்களா? வாக்காளர் தினம், அம்பேத்கர் பிறந்தநாள், அண்ணா பிறந்தநாள், மனித உரிமை தினம். எல்லாம் அருமையான நாள்தான். ஆனா ஏப்ரல் 14-ஐ விட்டா மத்தது வேலை நாளாவே வந்து விழும். கிராமத்துல லீவும் கூட்டமும் சேர்ந்து வருது, நகரத்துல பிரிஞ்சு போச்சு. சென்னையைச் சுத்தி இருக்கிற ஊராட்சிகளை நகராட்சியோட சேர்க்கிற பேச்சு வரும்போதெல்லாம் நூறு நாள் வேலை போயிடும், வீட்டு வரி ஏறும்னு ஜனம் கவலைப்படுது. அது நியாயம். கூடவே கிராம சபையும் போகுதுங்கிறதையும் கணக்குல சேர்த்துக்கணும்.

நாலாவது, எங்க மாவட்டத்துக்காரங்களுக்கு ஒண்ணு. 2019-ல தேர்தல் நடந்த 27 மாவட்டங்கள்ல திருவள்ளூரும் ஒண்ணு. அந்தத் தலைவர்களோட பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓட முடிஞ்சு, தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தாங்க. தலைவர் இல்லைன்னா கிராம சபையும் இல்லைன்னு சிலர் நினைக்கிறாங்க. அப்படி இல்ல. நீங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவங்க பதவியில இல்லாதப்போதான் நீங்களே போய் உட்கார வேண்டிய அவசியம் அதிகம்.

அடுத்த ஆகஸ்ட் 15-க்கு ஒரு வேலை சொல்றேன். பள்ளிக்கூடத்துல மிட்டாய் வாங்கினதும் வீட்டுக்குப் போகாதீங்க. பதினொரு மணிக்கு ஊராட்சிக் கூட்டத்துக்குப் போங்க. வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்க. தொழில் வரி எவ்வளவு வந்துச்சுன்னு ஒரு கேள்வி கேளுங்க. போகும்போது பக்கத்து லைன் வீட்டுல இருந்து ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க, உங்க தம்பி தங்கச்சியையும் கூட்டிட்டுப் போங்க. கையெழுத்துப் போட அவங்களால முடியாது, ஆனா உட்கார நாற்காலி இருக்கும். இல்லைன்னா பள்ளிக்கூடத்துல இருந்து நாலு பெஞ்சு தூக்கிட்டு வந்து போடுங்க.

உங்க ஊர்க் கிராம சபையில என்ன கேட்டீங்க, என்ன பதில் வந்துச்சுன்னு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல போடுறோம்.